கண்டதும் கொண்டதும்

ஒரு பொருளைக் கண்ணால் கண்டோம் என்கிறோம். ஆயின் காணும் தொழிலில் கண்ணின் பங்கு ஒரு பகுதியே. எஞ்சியதை மூளை செய்கிறது. இதனை வீட்டிலேயே சோதித்து அறியலாம்.

வெள்ளைத்தாளின் இடப்புறம் ஒரு கூட்டல் குறி இடுக. அதற்கு நேராக வலப்புறம் 8 செ.மீ. தள்ளி, மிளகளவில் ஒரு கரும்புள்ளி வைக்க. இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் கூட்டல் குறியை மட்டும் நோக்குக. கை நீட்டிய தொலைவிலிருந்து தாளை மெல்ல முகத்தருகே கொணர்க. ஏறத்தாழ 30 செ.மீ. தொலைவில் கரும்புள்ளி மறைந்துவிடும்!

விழித்திரையில் ஒளியை உணர்பவை குச்சி செல்களும் கூம்பு செல்களும் ஆகும். பார்வை நரம்பு விழியைவிட்டு வெளியேறும் இடத்தில் இவை இல்லை. இவ்விடமே குருட்டுப் புள்ளி. பிரெஞ்சு அறிஞர் எட்மே மரியோட் 1660களில் இதனைக் கண்டறிந்தார்.

புள்ளி மறைந்த இடத்தில் ஓட்டை தெரிந்ததா? இல்லை, வெண்மையே தெரிந்தது. சுற்றிலும் உள்ள நிறத்தைக் கொண்டு மூளை அவ்விடத்தை நிரப்பிவிடுகிறது. நிரப்பியதை நம்மிடம் அறிவிப்பதும் இல்லை.

புலனறிவு படிப்படியாக உருவாவதைத் தத்துவார்த்த சூத்திரம் மதிஞானத்தின் நான்கு நிலைகளாகக் கூறுகிறது. உரையாசிரியர் காட்டும் உதாரணம் எளியது. தொலைவில் வெண்மையாக ஏதோ தோன்றுவது அவக்கிரகம். கொக்கோ, கொடியோ என ஆராய்வது ஈஹை. சிறகசைவு கண்டு கொக்கே எனத் தெளிவது அவாயம். அதனை மறவாது நினைவிற் கொள்வது தாரணை.

இவற்றுள் நாம் எளிதில் தவறவிடுவது ஈஹையே. என் ஆசிரியப் பணியில் நானும் தவறவிட்டேன். ஒரு நாள் காலை வகுப்பில் ஒரு பேனா காணாமற் போயிற்று. நண்பகலில் ஒரு மாணவன் வேறொருவன் பையினுள் கைவிட்டிருக்கக் கண்டேன். ஒரு சொல்லும் கேளாமல் அவனை வகுப்பின் முன் நிறுத்திக் கடிந்தேன். அழுதானேயன்றி அவன் பேசவில்லை. பைக்குரியவன் ஓடிவந்து, "டீச்சர், சாப்பாட்டுத் தூக்கை எடுத்துவரச் சொன்னது நான்தான்" என்றான்.

என் கண் கண்டது ஒரு கையும் ஒரு பையும் மட்டுமே. களவு என்பது என் மனம் இட்டு நிரப்பியது. அதே வகுப்பின் முன் வருத்தம் தெரிவித்தேன். ஆயினும் அவ்வாண்டு முடியும்வரை அம்மாணவன் என் முகத்தை நேரே நோக்கவில்லை.

குருட்டுப் புள்ளியை நீக்க நம்மால் இயலாது. அது உடலின் அமைப்பு. முடிவு கூறுமுன் ஒரு கணம் நின்று வினவ இயலும். இச்சோதனையை உங்கள் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுங்கள். பின்பு, "கண்ணாலேயே கண்டேன்" என்று யாரைப் பற்றியேனும் அவர்கள் கூறும்போது, "கண்டது எவ்வளவு? நீயே நிரப்பியது எவ்வளவு?" என்று அன்புடன் கேளுங்கள். அக்கேள்வியைப் பெரியோராகிய நாமும் நம்மிடமே கேட்டுக்கொள்வோமாக.