கடலம்மா ஒளித்து வைத்தாளா?

தோணிரேவில் பழவேற்காடு ஏரித் தண்ணீர் பல இடங்களில் இடுப்பளவுதான். கழி ஊன்றியே தோணியை நகர்த்தலாம். கைதவறி விழுந்ததைக் காலால் துழாவியே எடுத்துவிடலாம். முகத்துவாரம் தாண்டிவிட்டால் கணக்கே வேறு. அங்கே போய்த் திரும்பாததை ‘கடலம்மா எடுத்துக்கிட்டா’ என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொள்கிறோம். விமானம் காணாமல்போனால் அந்தத் தேறுதலோடு வதந்திகளும் சேர்ந்துவிடுகின்றன. நம் கடலில் நடந்த இரண்டு விபத்துகளை வைத்து அவற்றைச் சரிபார்ப்போம்.

நம்பிக்கை: கடலில் விழுந்த விமானம் கிடைக்கவே கிடைக்காது.

உண்மை: 2015 ஜூன் 8 அன்று சென்னையிலிருந்து ரோந்து போன கடலோரக் காவல்படையின் டோர்னியர் சிறு விமானம், இரவில் மூன்று பேருடன் காணாமல்போனது. ஜூலை இரண்டாம் வாரத்தில் சிதம்பரத்தை அடுத்த கடலில், ஏறத்தாழ 950 மீட்டர் ஆழத்திலிருந்து அதன் கறுப்புப் பெட்டியை எடுத்தார்கள்.

2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்கு 29 பேருடன் கிளம்பிய விமானப்படையின் ஏஎன்-32 கிடைக்க ஏழரை ஆண்டு ஆனது. சென்னையிலிருந்து சுமார் 140 கடல் மைல் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் சிதைவுகள் கிடப்பது 2024 ஜனவரியில் உறுதியானது. படமெடுத்தது பள்ளிக்கரணை தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கிக் கலம்.

நம்பிக்கை: ரேடாரிலிருந்து மறைந்தால் ஏதோ மர்ம சக்தி இருக்கிறது.

உண்மை: படகில் கரையை விட்டு விலகும்போது பழவேற்காடு கலங்கரை விளக்கத்தைக் கவனியுங்கள். முதலில் அடி மறையும், கடைசியில் உச்சி. பூமியின் வளைவுதான் காரணம். ரேடாருக்கும் இதே கதிதான். தொலைவில் தாழ இறங்கும் விமானத்தை அந்த வளைவே மறைத்துவிடும்.

நம்பிக்கை: கறுப்புப் பெட்டி தான் இருக்குமிடத்தைச் செயற்கைக்கோளுக்குச் சொல்லும்.

உண்மை: ஆரஞ்சு நிறத்திலிருக்கும் அந்தப் பெட்டி பதிவு மட்டுமே செய்யும். அதோடு இணைத்த ஒலிக்கருவி தண்ணீர் பட்டதும் நொடிக்கு ஒருமுறை ஒலிக்கும். பழைய கருவிகள் 30 நாள் தாங்கும், புதியவை 90 நாள். சில கிலோமீட்டருக்குள் போனால்தான் அந்த ஒலி கேட்கும். டோர்னியரின் ஒலியை ஐஎன்எஸ் சிந்துத்வஜ் நீர்மூழ்கிக் கப்பல் பிடித்தது. தேடும் இடம் சுருங்கியது. ஏஎன்-32-இல் அப்படியொரு ஒலிக்கருவி இல்லை. அதிலிருந்த அவசர ரேடியோக் கருவியும் மூழ்கியபின் பயன்படாது. ரேடியோ அலை அவ்வளவு கடல்நீரைத் தாண்டி மேலே வராது.

நம்பிக்கை: காணாமல்போனவரின் போனில் ரிங் போகிறது, ஆள் உயிரோடு இருக்கிறார்.

உண்மை: நம் காதில் கேட்கும் ரிங் அந்தக் கைபேசியிலிருந்து வருவதில்லை. அது தொலைபேசி நிறுவனத்தின் வலையமைப்பு தரும் ஒலி. எதிர்முனைக் கைபேசியைத் தேடிக்கொண்டிருக்கும்போதும் அது கேட்கலாம். வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு தாயிடம் இதை நம்பிக்கையாகக் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். பிள்ளையை அவர் இரண்டாம் முறை இழக்க வைக்கிறோம்.

நம்பிக்கை: இதெல்லாம் விமானக்காரர்கள் பாடு, மீனவருக்கு என்ன?

உண்மை: கடலில் மிதப்பதை முதலில் காணக்கூடியவர் மீனவர்தான். சிதைவுகள் நீரோட்டத்தில் மணிக்கு மணி நகரும். கண்டால் ஜிபிஎஸ் இடத்தையும் நேரத்தையும் குறித்து, 1554-இல் கடலோரக் காவல்படைக்குச் சொல்லுங்கள்.

படகு ஆபத்தில் சிக்கினாலும் இடம் தெரிவதுதான் முக்கியம். இஸ்ரோ உருவாக்கிய ஆபத்து எச்சரிக்கைக் கருவியில் பொத்தானை அழுத்தினால், படகு இருக்குமிடம் செயற்கைக்கோள் வழியாகக் கரைக்குப் போகும். இரண்டாம் தலைமுறைக் கருவியில், தகவல் கிடைத்தது என்ற பதிலும் படகுக்கே வரும்.

கடலம்மா எதையும் ஒளித்து வைக்கவில்லை. எங்கே தேடுவது என்று தெரியாமல்தான் 29 குடும்பங்கள் ஏழரை ஆண்டு தவித்தன. விடியற்காலையில் வலை, ஐஸ், டீசல் எல்லாம் சரிபார்க்கிறோமே, அந்தச் சிறு கருவியையும் ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.