"முருகன் இருக்கான்னு எப்படிங்ணா சொல்றீங்க?"

ஓம் சரவணபவ 🙏

உறவுகளே, இன்னைக்கு விரத முறை, வழிபாட்டு நேரம் எதுவும் இல்லை. நான் போட்ட ஒரு சண்டையைப் பத்தியும், அதுக்கப்புறம் படிச்சதைப் பத்தியும் எழுதறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

என் சித்தப்பா வருஷா வருஷம் தைப்பூசத்துக்குக் கோவையிலிருந்து பழனிக்கு நடந்தே போறவர். 2021 மே மாசம், ரெண்டாவது அலையில கோவையே திணறிக்கிட்டிருந்தப்ப, அலைஞ்சு திரிஞ்சு ஆக்ஸிஜன் படுக்கை கிடைச்சும் பன்னெண்டாம் நாள் போயிட்டார். அவர் பையன் அப்ப பிளஸ் டூ. இன்னைக்கு இன்ஜினியரிங் முடிச்சிட்டான். ஆனா அன்னையோட நெத்தியில திருநீறு வைக்கறதை விட்டவன்தான்.

கொஞ்ச நாள் முன்னாடி எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்புல ஒரு ஃபார்வர்டு போட்டேன். ஜெனீவா பக்கத்துல செர்ன் ஆராய்ச்சிக் கூடத்துல நடராஜர் சிலை இருக்கு, அறிவியலே கடவுளை ஒத்துக்கிச்சுன்னு. தம்பி உடனே எழுதினான்: "அந்தச் சிலை 2004-ல இந்திய அரசு கொடுத்த பரிசுங்ணா. பரிசு வாங்கிக்கிட்டா ஒத்துக்கிட்டதா அர்த்தமா? முருகன் இருக்கான்னு எப்படிங்ணா சொல்றீங்க?" கூடவே பகத்சிங் எழுதின 'நான் ஏன் நாத்திகன்' பிடிஎஃப். எனக்கு வந்த கோபத்துல "உங்கப்பா பேரைக் கெடுக்காதே"ன்னு எழுதி அவனைக் குரூப்பை விட்டே தூக்கிட்டேன். சித்தி ரெண்டு நாள் எங்கிட்ட பேசலை.

பேரூர் பக்கம் ஒரு பெரியவர் ஞாயித்துக்கிழமையில சித்தாந்த வகுப்பு எடுக்கறார். அவர்கிட்ட போய், "நாத்திகம் பேசறவங்களுக்கு என்ன பதில் சொல்றதுங்க ஐயா?"ன்னு கேட்டேன். அவர், "அவன் என்ன சொல்றான்னு முதல்ல நீ சொல்லு கண்ணு"ன்னார். எனக்குச் சொல்லத் தெரியலை. அந்த பிடிஎஃப்பைத் திறக்கவே இல்லையே!

அவர் எடுத்துக் கொடுத்த நூல் சிவஞான சித்தியார். 13-ம் நூற்றாண்டு, அருணந்தி சிவாசாரியார் எழுதினது. அதுல ரெண்டு பாகம்: பரபக்கம், சுபக்கம். சுபக்கம் நம்ம கொள்கை. பரபக்கம் மத்தவங்க கொள்கை, மொத்தம் 14 தரப்பு. ஒவ்வொருத்தர் சொல்றதையும் முதல்ல முழுசா சொல்லிட்டு, அப்புறம்தான் மறுப்பு. அந்த வரிசையில முதல் ஆள் யாருன்னு நினைக்கறீங்க? உலகாயதன். கடவுள் இல்லை, ஆன்மா இல்லை, மறுபிறவி இல்லைன்னு சொல்றவன். ஒரு சைவ சாத்திரம் அவனுக்குத்தான் முதல் மேடையைக் கொடுத்திருக்கு. நான் அவனைக் குரூப்பை விட்டுத் தூக்கியிருக்கேன்.

உலகாயதன் கட்சி லேசுப்பட்டது இல்லைங்க. கண்ணு காதுக்கு எட்டறது மட்டும்தான் உண்மைங்கறான். "அப்ப இந்த அறிவு, உணர்வு எல்லாம் எங்கிருந்து வந்துச்சு?"ன்னு கேட்டா, வெத்தலை பாக்கைக் காட்டறான். வெத்தலை பச்சை, சுண்ணாம்பு வெள்ளை. பாக்கோட சேர்த்து மென்னா செவப்பு வருது. அந்தச் செவப்பு தனியா எதுலயும் இல்லை. அதே மாதிரி பூதங்கள் சேர்ந்தா உணர்வு வருது, பிரிஞ்சா போயிடுது. மூளையைப் பத்தி இன்னைக்குப் பேசற பல பேர் கிட்டத்தட்ட இதையேதான் சொல்றாங்க.

பார்த்தது மட்டும் போதாது, அனுமானமும் வேணும்ங்கறதுதான் சித்தியாரோட முக்கியமான பதில். பேரூர்ல ஒரு சொட்டு மழை இருக்காது, ஆனா நொய்யல்ல செந்தண்ணி வரும். வெள்ளியங்கிரியில மழைன்னு நமக்குத் தெரியும், யாரும் போய்ப் பார்க்கறதில்லை. இப்படி யோசிக்காம உலகாயதனாலயும் ஒரு நாள் வாழ முடியாது.

இந்த அனுமானத்தை வெச்சுத்தான் அருணந்தியாரோட குரு மெய்கண்டார் சிவஞான போதத்துல முதல் சூத்திரத்தைக் கட்டறார். உலகத்துல எல்லாம் தோணுது, நிக்குது, அழியுது. அது அறிவில்லாத பொருள், தானா இதைச் செஞ்சுக்க முடியாது. அதனால செய்யறவன் ஒருத்தன் உண்டு. பானைக்கு மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். உலகத்துக்கு மாயை மண்ணு, சக்தி சக்கரம், சிவம் குயவன்.

இதை ஃபார்வர்டுல வர்ற கடிகாரக் கதையோட குழப்பிக்காதீங்க. "கடிகாரத்தைப் பார்த்தா செஞ்சவன் ஒருத்தன் உண்டுன்னு தெரியுதுல்ல, கண்ணு எவ்வளவு நுட்பம் பாரு" அப்படிங்கறது 1802-ல இங்கிலாந்துப் பாதிரியார் பேலி எழுதினது. 1859-ல டார்வின் வந்ததும் அது ஆட்டம் கண்டுடுச்சு. மெய்கண்டார் நுட்பத்தை வெச்சு வாதாடலை, தோற்றம் அழிவை வெச்சு வாதாடறார்.

ஆனா இதுக்கும் கேள்வி இருக்கு. மழையையும் வெள்ளத்தையும் நாம சேர்த்துப் பார்த்திருக்கோம், அதனால ஒண்ணைப் பார்த்தா இன்னொண்ணு புரியுது. உலகம் உண்டாகறதை எத்தனை தடவை பார்த்திருக்கோம்? 1779-ல வெளியான ஹ்யூமோட நூல்ல இதே மாதிரி கேள்வி வருது. இன்னொண்ணு, ஒவ்வொரு மனுஷனுக்கும் அம்மா உண்டு, அதுக்காக மனுஷ இனத்துக்கே ஒரு அம்மான்னு சொல்ல முடியுமா? 1948 பிபிசி வானொலி விவாதத்துல ரஸ்ஸல் கேட்டது இது. என்னால ரெண்டையும் ஊதித்தள்ள முடியலை.

"கடவுளைப் படைச்சது யாரு?"ன்னு மடக்கறாங்களே, அது அவ்வளவு கஷ்டமில்லை. தோணி அழியற பொருளுக்குத்தான் செய்யறவன் வேணும்னு வாதம். தோற்றம் இல்லாததுக்கு அந்தக் கேள்வியே பொருந்தாது.

சரி, வாதம் ஜெயிச்சதாவே வெச்சுக்குவோம். அது எங்க கொண்டு போய் விடும்? ஒரு கர்த்தா உண்டுங்கற வரைக்கும். வேலும் மயிலும் வள்ளியும் அங்க இல்லை. மெய்கண்டாருக்கே இது தெரியும்னு நினைக்கறேன். 12 சூத்திரத்துல கடவுள் உண்டுன்னு நிறுவ ஒதுக்கினது முதல் ஒண்ணுதான். ஆறாவதுல, சுட்டி அறியக்கூடிய பொருளும் அவன் இல்லை, அறியவே முடியாத சூனியமும் அவன் இல்லைன்னுடறார். நான் முருகனை நம்பறது குயவன் வாதத்தால இல்லை. சித்தப்பா தோள்ல உட்கார்ந்து பழனி மலை ஏறினதால. அது எனக்குப் போதும். தம்பிக்கு அதை ஆதாரமா நீட்ட முடியாது.

பகத்சிங்கை அப்புறம்தான் படிச்சேன். 1930-ல லாகூர் சிறையில எழுதினது. ஜீவா மொழிபெயர்ப்புல தமிழுக்கு வந்தது நம்ம ஈரோட்டுலேர்ந்து, பெரியாரோட இயக்கம் வழியா. எல்லாம் வல்லவன்னா இவ்வளவு துன்பமுள்ள உலகத்தை ஏன் படைச்சான்னு கேக்கறார். இதுக்குச் சித்தாந்தத்துல ஒரு பதில் உண்டு. பதி, பசு, பாசம் மூணுமே அநாதி. உயிரையும் ஆணவ மலத்தையும் கடவுள் படைக்கலை. அழுக்கு அவன் போட்டது இல்லை, அவன் வெளுக்கறவன். ஆனா முற்பிறவி வினைன்னு சொல்றதையும் பகத்சிங் விடலை. ஏழையா பொறந்தது தண்டனைன்னு சொல்றது யாருக்கு வசதின்னு கேக்கறார். அந்த இடத்துல புத்தகத்தை மூடி வெச்சுட்டேன்.

போன கிருத்திகைக்குத் தம்பியைக் கூப்பிட்டேன். மருதமலைப் படியில பாதி தூரம் வந்தான், மேல வரலை. முதல்ல மன்னிப்புக் கேட்டேன். அப்புறம் உக்கார்ந்து இதெல்லாம் சொன்னேன். குயவன் வரைக்கும் அமைதியா கேட்டவன், "பானை உடைஞ்சா பானைக்கு வலிக்காதுங்ணா. அப்பாவுக்கு வலிச்சுது"ன்னான். வினைன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. சொல்லலை. சாத்திரத்துல அது இருக்கு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். அப்பனை இழந்த பையன்கிட்ட பதிலா நீட்ட எனக்கு மனசு வரலை.

அன்னைக்கு ராத்திரியே அவனைக் குரூப்புல திரும்பச் சேர்த்தேன். மறுநாள் காலையில எங்க மாமா, திருநள்ளாறு மேல சாட்டிலைட் நின்னுபோச்சு, நாசாவே அசந்துபோச்சுன்னு ஒரு ஃபார்வர்டு போட, தம்பி "பொய் மாமா"ன்னு ரெண்டே வார்த்தை எழுதினான். மாமாவுக்குக் கோபம். நான் தம்பி பக்கம் நின்னேன்.

சாயந்திரம் எனக்குத் தனியா ஒரு மெசேஜ். "அந்தப் பரபக்கம் புக்கு இருக்காங்ணா? மத்ததெல்லாம் வேண்டாம், அந்த முதல் ஆள் பேசற பக்கம் மட்டும் போட்டோ எடுத்து அனுப்புங்க." அனுப்பினேன். மறுப்பு வர்ற பக்கத்தையும் சேர்த்துத்தான்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா 🙏