நார்த்தங்காய் ஜாடி

அன்புள்ள சரவணா,

கம்பெனியில் பார்த்தபோது பிரஷர் 142/92 இருந்ததாமே. உன் அம்மா சொல்லித்தான் தெரியும். ஒரு தடவை பார்த்ததை வைத்து மிரள வேண்டாம். காபி குடிக்காமல், ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்துவிட்டு, வேறு வேறு நாளில் இரண்டு மூன்று தடவை பார். அப்போதும் இறங்காவிட்டால் டாக்டரிடம் போ.

தூத்துக்குடி உப்பளங்களைப் பார்த்து வளர்ந்தவள் நான்; உப்பைப் பழிக்க மனசு வராது. வெயிலில் உப்பு வாருகிறவர்களுக்கு வியர்வையோடு உப்பும் போய்விடும். நீயோ ஏசி அறையில் இருக்கிறாய். உனக்குச் சேர்கிற உப்பைக் கிட்னிதான் வெளியேற்ற வேண்டும். அதுவரை உப்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ரத்தத்தின் அளவு கூடும். குழாய்ச் சுவர் அந்த அழுத்தத்தைத் தாங்கும். வருஷக்கணக்கில் தாங்கித் தாங்கி விறைத்துப்போகும். வலிக்காது, அதுதான் வம்பு.

உலக சுகாதார நிறுவனம் நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள் என்கிறது. ஒரு டீஸ்பூன், சாம்பாரும் ரசமும் சேர்த்து. அதற்காக மெஸ்காரரிடம் சண்டைக்குப் போகாதே. பொங்கலுக்கு வந்தபோது உன் தட்டைப் பார்த்தேனே: தயிர்சாதத்துக்கு நார்த்தங்காய், மேலே மோர்மிளகாய், கூடவே மூன்று அப்பளம். ராத்திரி பாக்கெட் நூடுல்ஸ் வேறு. அதன் உறையில் சோடியம் எத்தனை மில்லிகிராம் என்று போட்டிருக்கும். இரண்டரையால் பெருக்கினால் உப்புக் கணக்கு வந்துவிடும். 800 என்றால் 2 கிராம்.

இந்துப்புக்கு மாறிவிட்டாயாம். நிறம்தான் வேறு, அதிலும் இருப்பது பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடு. அயோடின் சேர்க்காததாக இருந்தால் அந்த நஷ்டமும் உண்டு.

பொட்டாசியம் கலந்த உப்பு என்று ஒன்று விற்கிறார்கள். அதில் விஷயம் இருக்கிறது. சீனாவில் 600 கிராமங்களில், பக்கவாதம் வந்தவர்களும் பிரஷர் உள்ள வயதானவர்களுமாகச் சுமார் 21,000 பேரிடம் சோதித்து 2021இல் வெளியிட்டார்கள். கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைச் சாப்பிட்டவர்களுக்குப் பக்கவாதம் குறைந்தது. ஆனால் அதை உன் அப்பாவுக்கு வாங்கி அனுப்பிவிடாதே. கிட்னி பழுதானவர்களுக்குப் பொட்டாசியம் தேங்கினால் இதயத் துடிப்பே தடுமாறும். நீயும் டாக்டரைக் கேட்டுவிட்டே தொடு.

உப்பைக் குறைத்தால் ருசி போய்விடுமே என்பாய். உன் மாமாவும் முதல் பதினைந்து நாள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். இரண்டு மாசம் கழித்துக் கல்யாண வீட்டு ரசத்தை வாயில் வைத்தவர், கரிக்கிறது என்று முகம் சுளித்தார்.

ஜாடியைப் பரணில் ஏற்றிவிட்டேன். நீ வந்தால் ஒரு துண்டு தருவேன், ஒன்றுதான்.

அன்புடன்,
அத்தை