பாட்டு உங்கள் பெயரில் இருக்கட்டும்

பெங்களூரு பொம்மசந்திராவில் ஷிஃப்ட் முடித்துவிட்டு, சந்தாபுரா வாடகை அறையில் இரவில் மெட்டுப் போடுகிறவரா நீங்கள்? ஒரு பாட்டைப் பதியக் கோடம்பாக்கத்தில் ரெக்கார்டிங் தியேட்டர் பிடிக்க வேண்டியிருந்த காலம் போய்விட்டது. பதிவு மென்பொருள்களில் பேண்ட்லேப் இலவசம், ரீப்பரின் தனிநபர் உரிமம் 60 டாலர். எந்த மென்பொருள் என்று மாதக்கணக்கில் குழம்பாதீர்கள். கைக்குப் பழகியதே போதும்.

மைக் விஷயத்தில் மட்டும் நிதானம் வேண்டும். ஓசூர் ரோட்டில் லாரிச் சத்தம் நள்ளிரவிலும் ஓயாது. கண்டென்சர் மைக் குரலின் நுணுக்கத்தைப் பிடிக்கும், கூடவே ஹாரனையும் தண்ணீர் மோட்டாரையும் பிடிக்கும். இந்தப் பகுதிக்கு, வாயருகே வைத்துப் பாடும் டைனமிக் மைக்தான் சரி. பறையோ மிருதங்கமோ பதிய வேண்டுமென்றால் வாடகை அறை தாங்காது. 2025 ஆகஸ்டில் பொம்மசந்திராவுக்கு மெட்ரோ வந்துவிட்டது. அதில் நகரத்துக்குள் போய், ஒரு ஸ்டுடியோவைச் சில மணி நேரம் எடுத்து, அந்த வாத்தியத்தை மட்டும் பதிந்து வாருங்கள். மிக்ஸிங்கை, பாட்டை முதன்முறை கேட்கும் ஒருவரிடம் கொடுங்கள். வீடியோ செலவைக் குறைத்தாவது இதைச் செய்யுங்கள்.

வெளியிட மூன்று வழிகள் உண்டு. யூடியூபில் நீங்களே ஏற்றினால் செலவில்லை. ஆனால் விளம்பர வருமானம் வர 1,000 சந்தாதாரர்களும், ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையோ 90 நாளில் 1 கோடி ஷார்ட்ஸ் பார்வையோ வேண்டும். ஸ்பாட்டிஃபையிலும் 2024 முதல், 12 மாதத்தில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்குக் காசு கிடையாது.

இரண்டாவது வழி: ஸ்பாட்டிஃபை, ஜியோசாவன் எல்லாவற்றிலும் பாட்டு வர டிஸ்ட்ரிபியூட்டர் தேவை. டிஸ்ட்ரோகிட் ஆண்டுச் சந்தா வாங்கும், ஸ்ட்ரீமிங் வருமானத்தில் பங்கு கேட்காது. சந்தாவை நிறுத்தினால் பாட்டு இறங்கிவிடும். இறங்காமலிருக்கத் தனிக் கட்டணம். சிடி பேபி ஒரே முறை கட்டணம் வாங்கிக்கொண்டு வருமானத்தில் 9 சதவீதம் எடுக்கும். மாதம் ஒரு பாட்டு விடுகிறவருக்கு முன்னது, ஆண்டுக்கு ஒன்றிரண்டு விடுகிறவருக்குப் பின்னது. இணையத்தில் பொது உரிமத்தில் வாங்கிய பீட்டின் மேல் பாடியிருந்தால் யூடியூபின் கன்டென்ட் ஐடியில் பதியாதீர்கள். அதே பீட்டை வாங்கிய இன்னொருவரின் பாட்டின் மேல் உங்கள் பெயரில் உரிமைக் கோரல் போய் விழும்.

மூன்றாவது, லேபிள். அதன் வீச்சைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2024-இல் திங்க் இண்டியில் வந்த 'கட்சி சேர' பாட்டு, அதைப் போட்ட சாய் அபயங்கரைச் சினிமா வரை கொண்டுபோனது. ஆனால் 2021-இல் மாஜ்ஜா வெளியிட்ட 'எஞ்சாய் எஞ்சாமி'யையும் நினைவில் வையுங்கள். உலகமே கேட்ட அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு ஒரு பைசாகூட வரவில்லை என்று மூன்றாண்டு கழித்து அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். அவ்வளவு பெயர் பெற்றவருக்கே அந்த நிலை என்றால், முதல் பாட்டோடு போகிறவர் எத்தனை கவனமாக இருக்க வேண்டும்! மாஸ்டர் உரிமை யாருக்கு, எத்தனை ஆண்டுக்கு, கணக்கு எப்போது காட்டுவார்கள், அதைத் தணிக்கை செய்ய உங்களுக்கு உரிமை உண்டா என்று வரிவரியாகப் படியுங்கள்.

2012 பதிப்புரிமைத் திருத்தம் ஒரு காவல் தருகிறது: பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்களுக்குரிய ராயல்டி பங்கை லேபிளுக்கு எழுதிக்கொடுத்துவிட முடியாது. அதை வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ்ஸில் உறுப்பினராகுங்கள். ஆனால் அந்தக் காவல் வரிக்கும் மெட்டுக்கும்தான். பதிவான ஒலியின் மாஸ்டர் நீங்கள் கையெழுத்திடும் தாளைப் பொறுத்தது. அதனால்தான் முதல் சில பாடல்களை டிஸ்ட்ரிபியூட்டர் வழியாகவே விடச் சொல்கிறேன். கேட்பவர்கள் சேர்ந்த பிறகு லேபிளிடம் பேசினால் உங்கள் பேச்சுக்கு எடை இருக்கும். புரோகிராமிங் செய்த நண்பருக்கும் உடன் பாடியவருக்கும் எவ்வளவு பங்கு என்பதையும் வெளியீட்டுக்கு முன்பே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

பாட்டைச் செயலிகளை நம்பி மட்டும் விட்டுவிடாதீர்கள். ரெஸ்ஸோ, விங்க் என்ற ஸ்ட்ரீமிங் செயலிகள் 2024-இல் மூடப்பட்டன. வேவ் கோப்புகளையும் தனித்தனி டிராக்குகளையும் உங்கள் ஹார்டு டிஸ்க்கில் வையுங்கள். ஒவ்வொரு பாட்டின் ஐஎஸ்ஆர்சி அடையாள எண்ணையும் குறித்துவையுங்கள்; டிஸ்ட்ரிபியூட்டரை மாற்றும்போது அதே எண்ணைக் கொடுத்தால்தான் பழைய ஸ்ட்ரீம் கணக்கு தொடரும்.