கறுப்புப் பொம்மைகள்: கைப்பணியும் தன்மதிப்பும்



தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குக் கடை போடும்போது அங்கே தொங்கும் பொம்மைகளை ஒரு தடவை உற்றுப் பாருங்கள். வெள்ளைத் தோல், நீலக் கண், மஞ்சள் முடி. ஸ்பிரிங்வெளியில் கொழுந்து பறிக்கும் தாய் தன் மகளுக்கு வாங்கிக் கொடுப்பது அதைத்தான். மகளும் அதற்குத் தலைவாரிப் பொட்டு வைத்து மடியில் போட்டுத் தாலாட்டுகிறாள். வெறும் பொம்மைதானே, இதில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் ஐக்கிய அமெரிக்காவில் பொம்மையின் நிறம் உயர் நீதிமன்றம் வரை போன விடயமாகும்.

கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்னும் கறுப்பின உளவியலாளர் தம்பதியர் 1940களில் ஓர் ஆய்வை நடத்தினர். 3 முதல் 7 வயது வரையான 253 கறுப்பினப் பிள்ளைகளின் முன் நான்கு பொம்மைகள் வைக்கப்பட்டன. இரண்டு வெள்ளை, இரண்டு மண்ணிறம். நிறத்தைத் தவிர வேறு வேறுபாடு இல்லை. "விளையாட விருப்பமான பொம்மையைத் தா", "நல்ல பொம்மையைத் தா", "கூடாத பொம்மையைத் தா" என்று ஒவ்வொன்றாகக் கேட்டனர். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் விளையாடுவதற்கு வெள்ளைப் பொம்மையையே எடுத்தனர். கூடாதது என்று பெரும்பாலோர் காட்டியது மண்ணிறப் பொம்மையை. அதன் பின்னர் "உன்னைப் போல் இருக்கும் பொம்மையைத் தா" என்ற கேள்வி வந்தபோது சில பிள்ளைகள் அழுதார்கள். அறையை விட்டு ஓடியவர்களும் உண்டு. சற்று முன்னர் தாமே கூடாதது என்று ஒதுக்கியதை இப்போது தம்மைப் போன்றது என்று எடுத்துக் கொடுக்க வேண்டும். அந்தச் சங்கடத்தை எண்ணிப் பாருங்கள்.

கறுப்பினத்தவருக்கு வேறு பாடசாலை, வெள்ளையருக்கு வேறு பாடசாலை என்ற முறை சட்டவிரோதமானது என 1954 மே 17இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின் அடிக்குறிப்பு ஒன்றில் கென்னத் கிளார்க்கின் கட்டுரையும் சுட்டப்பட்டுள்ளது.

அப்படியானால், தம்மைப் போன்ற பொம்மை கடையில் கிடைக்காத காலத்தில் கறுப்பினத் தாய்மார் என்ன செய்தார்கள்? தாமே தைத்தார்கள். நமது பாடத்துக்கு முக்கியமான பகுதி இதுவே. பழைய உடுப்பின் துண்டுகள், உள்ளே திணிக்கப் பஞ்சு, கண்ணுக்கும் வாய்க்கும் நூல் தையல், முடிக்குக் கம்பளி நூல். இவ்வளவுதான் மூலப்பொருள்.

ஹரியட் ஜேக்கப்ஸ் என்ற பெண்ணின் கதையை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். வட கரோலினாவில் அடிமையாகப் பிறந்த இவர், எசமானின் தொல்லைக்குத் தப்பி, 1835 முதல் 1842 வரை தமது பாட்டியின் வீட்டுக் கூரைக்கடியில் ஒளிந்திருந்தார். அந்த இடத்தின் நீளம் 9 அடி, அகலம் 7 அடி, மிக உயர்ந்த பகுதியே 3 அடிதான். எழுந்து நிற்க முடியாது. நமது லயத்து அறையைச் சிறிது என்கிறோமே, அதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கீழே விளையாடும் தம் பிள்ளைகளைச் சிறு துவாரம் வழியாகப் பார்ப்பார், பேச முடியாது. நத்தார் வந்தபோது அந்த இருட்டில் இருந்தபடியே பிள்ளைகளுக்கு உடுப்பும் விளையாட்டுச் சாமான்களும் தைத்தார். விடுதலை பெற்ற பின்னர் தாம் வேலை செய்த வீட்டுப் பிள்ளைகளுக்காக அவர் தைத்த துணிப் பொம்மைகள் இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகின்றன.

அக்காலத்துப் பொம்மைகளுள் விசித்திரமான ஒரு வகை, இரட்டைத் தலைப் பொம்மை. இடுப்புக்கு மேலே ஒரு தலை, கீழே இன்னொரு தலை. ஒன்று கறுப்பு, மற்றது வெள்ளை. பாவாடையைப் புரட்டினால் ஒன்று மறைந்து மற்றது வெளிப்படும். இதனை யாருக்காகச் செய்தார்கள் என்பதில் ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்து இல்லை.

இவற்றுள் பலவற்றைச் செய்தவரின் பெயர் நமக்குத் தெரியாது. துணியையும் தையலையும் கொண்டே சேகரிப்பாளர் காலத்தைக் கணிக்கின்றனர். டெபோரா நெஃப் என்பவர் சேகரித்த, 1850க்கும் 1940க்கும் இடைப்பட்ட நூற்றுக்கு மேற்பட்ட கைப்பொம்மைகள் 2022இல் நியூயோர்க் வரலாற்றுச் சங்கத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. அதற்கு முன்னரே, 1988இல், பார்பரா வைட்மன் என்ற கறுப்பினப் பெண்மணி பிலடெல்பியாவில் பொம்மை அரும்பொருட்காட்சியகம் ஒன்றை நிறுவியிருந்தார். தொழிற்சாலைப் பொம்மைகளும் வந்தன: லொஸ் ஏஞ்சல்ஸில் 1968இல் தொடங்கிய ஷிண்டானா நிறுவனம் கறுப்பினக் குழந்தையின் முகச்சாயலிலேயே பொம்மை செய்தது, 1983இல் மூடப்பட்டது. எனினும் கையால் செய்வோர் குறையவில்லை. பொம்மைக் கண்காட்சிகளில் கலைஞரும் சேகரிப்பாளரும் கூடுகின்றனர். துணிக்குத் தோல் நிறம் ஏற்ற இவர்கள் கையாளும் வழிகளில் ஒன்று, தேயிலைச் சாயத்தில் ஊறவைப்பது! நாம் பறித்து அனுப்பும் கொழுந்துக்கு இப்படியும் ஒரு பயன்.

நமது மரபில் மரப்பாச்சி உண்டு. செம்மரத்தில் ஆணும் பெண்ணுமாகக் கடைந்த சோடிப் பொம்மை இது. தமிழ்நாட்டில் திருமணத்தின்போது மகளுக்குக் கொடுத்தனுப்புவர். நவராத்திரிக் கொலுவில் பட்டுத் துண்டு உடுத்தி வைப்பர். கருஞ்சிவப்பு நிறம், கைபடக் கைபட மேலும் கறுக்கும். அந்தக் கறுப்பை யாரும் கூடாதது என்று சொன்னதில்லை. ஆயினும் அது மரத்தின் நிறம். கறுத்த மக்களைக் காட்டவே மரப்பாச்சி செய்யப்பட்டது என்று விடையில் எழுதிவிடாதீர்கள்; அது பிழை.

மாணவர் வழக்கமாக விடும் இன்னொரு பிழை, "பொம்மை ஆய்வினால் வழக்கு வென்றது" என ஒரே வரியில் முடிப்பது. பல மாநிலங்களின் பெற்றோர் தொடுத்த வழக்குகளும் சட்டத்தரணிகளின் நீண்டகால உழைப்பும் அங்கே இருந்தன. ஆய்வு பல சான்றுகளுள் ஒன்று என்றே எழுத வேண்டும்.

பயிற்சி: உமது வீட்டில் பாட்டியோ அம்மாவோ பழைய சேலைத் துண்டில் செய்து தந்த பொம்மை ஒன்றைப் பற்றிக் கேட்டறிந்து, அதன் மூலப்பொருள், செய்முறை, முகத்தின் நிறம் ஆகியவற்றை 150 சொற்களில் விவரிக்குக. அந்த நிறத்தை ஏன் தெரிந்தெடுத்தார் என்பதையும் அவரிடமே கேட்டு எழுதுக.