எழுதுதிறன் பயிற்றலில் குறிப்புச்சட்டகம்: நன்னூல் பொதுப்பாயிர நோக்கு (வாலாஜாபாத் வட்டாரப் பொருண்மையை முன்வைத்து)

ஆய்வுச் சுருக்கம்

பள்ளித் தமிழ்க் கட்டுரைப் பயிற்சியில் குறிப்புச்சட்டகம் பெரும்பாலும் வினாவோடு சேர்த்தே வழங்கப்படுகிறது. மாணவர் அதனை நிரப்பப் பழகுகின்றனர். தாமே அமைக்கப் பழகுவதில்லை. தொல்காப்பியமும் நன்னூலும் கூறும் நூலமைப்பு நெறிகளைத் துணைக்கொண்டு, சட்டகம் அமைக்கும் திறனைப் படிநிலையாகக் கற்பிக்கும் முறையொன்றை இக்கட்டுரை முன்வைக்கின்றது.

திறவுச்சொற்கள்: குறிப்புச்சட்டகம், ஓத்து, உத்தி, பத்துக் குற்றம், எழுதுதிறன், வாலாஜாபாத்.

முன்னுரை

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில், முன்னுரை முதல் முடிவுரை வரையிலான உட்தலைப்புகளைத் தந்து கட்டுரை வரையப் பணிக்கும் வினா இடம்பெற்று வருகிறது. தொடக்கநிலை மாணவர்க்கு இஃது ஊன்றுகோலாகும். ஆயினும் பொருளைப் பகுப்பதும் வரிசைப்படுத்துவதும் வினா அமைப்பவரின் பணியாகிவிட, தொடர்களை நிரப்புவது மட்டுமே மாணவர் பணியாகின்றது. பள்ளியை விட்டு நீங்கிய பின் அவர் எழுத வேண்டிய மனுவுக்கோ, பணியிட விபத்து அறிக்கைக்கோ யாரும் உட்தலைப்புத் தருவதில்லை. பள்ளிப் படிப்பை முடித்தவுடன் ஆலைப் பணிக்குச் செல்லும் இளைஞர் பலருள்ள திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழில்வட்டாரத்தில் இக்குறை கூடுதல் கவனத்திற்குரியது.

மரபிலக்கணத்தில் சட்டகச் சிந்தனை

எழுதுமுன் பொருளை ஒழுங்குபடுத்தல் தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியச் செய்யுளியல் நூலின் உறுப்புகளாகச் சூத்திரம், ஓத்து, படலம், பிண்டம் ஆகியவற்றைச் சுட்டுகிறது. ஓரினப் பொருள்களை நிரல்பட ஓரிடத்து வைப்பதே ஓத்து. இன்றைய கட்டுரையின் உட்தலைப்புக்குரிய அளவுகோலும் இதுவே. மரபியல் உத்திகள் 32 எனக் கூற, பவணந்தி முனிவரும் நன்னூற் பொதுப்பாயிரத்தில் உத்திகளை 32 என வகுத்துள்ளார். அவற்றுள் நுதலிப் புகுதல், ஓத்துமுறை வைப்பு, தொகுத்துச் சுட்டல், வகுத்துக் காட்டல் ஆகிய நான்கும் சட்டகம் அமைத்தலோடு நேர்த்தொடர்புடையன. நூலுக்குரிய அழகு பத்தனுள் முறையின் வைப்பும் ஒன்றாக எண்ணப்பட்டுள்ளமை இங்குக் கருதத்தக்கது.

வகுப்பறைப் பொருத்தம்

‘வாலாஜாபாத் – அன்றும் இன்றும்’ என்னும் தலைப்பைக் கொள்வோம். மாணவர் முதலில் தமக்குத் தோன்றுவனவற்றை வரிசை நோக்காது குறிக்க வேண்டும்: பாலாறு, ஏரிப்பாசனம், நவாப் வாலாஜாவின் பெயர், தொடர்வண்டி நிலையம், ஒரகடம் வழியே வண்டலூர் செல்லும் சாலை, நிறுவனப் பேருந்து, இரவு ஷிப்ட், ஒப்பந்த வேலை, வெளிமாநிலத் தொழிலாளர், வீட்டு வாடகை.

அடுத்து, இனம் நோக்கி இவற்றைத் தொகுக்க வேண்டும். நீரும் நிலமும், ஊரும் வழியும், தொழிலும் வாழ்வும் என மூன்று ஓத்துகள் கிடைக்கும். இவற்றை எவ்வரிசையில் வைப்பது என்ற வினாவுக்குக் கட்டுரையின் மையக்கருத்தே விடை தரும். ‘தொழில் வளர்ச்சி ஊரை உயர்த்தியது’ என்பது கருத்தாயின், இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இல் உற்பத்தி தொடங்கியதும், ஒரகடத்தில் ரெனோ – நிசான் ஆலை 2010-இல் திறக்கப்பட்டதும் முதன்மைச் சான்றுகளாகும். ‘நிலத்தை நம்பிய ஊர் மாதச் சம்பளத்தை நம்பும் ஊராகின்றது, அச்சம்பளம் எத்துணை உறுதியானது?’ என்பது கருத்தாயின், திருப்பெரும்புதூரில் 2006-இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா கைப்பேசி ஆலை 2014-இல் அதனை நிறுத்திய செய்தி நடுவிடம் பெறும். முதற் சட்டகத்தில் இச்செய்தி மறுப்புச் சான்றாக நின்று விடை வேண்டும். இரண்டாவதில் அதுவே வாதத்தின் திருப்புமுனை. செய்திகள் மாறவில்லை, அவற்றின் இடம் மாறியமையால் கட்டுரை மாறியது. ஆயத்தச் சட்டகம் தரப்படும்போது மாணவர் இழப்பது இத்தேர்வுரிமையையே.

பத்துக் குற்றம்: திருத்தக் கருவி

நன்னூல் கூறும் குற்றங்களுட் சிலவற்றைச் சட்டக நிலையிலேயே கண்டறியலாம். ஒரே செய்தி இரு உட்தலைப்புகளில் இடம்பெறின் அது கூறியது கூறல். ஊர்ப்பெயர் விளக்கம் நவாபுகளின் வரலாறாக நீளின் மற்றொன்று விரித்தல். முதற்பகுதியில் ஐந்து குறிப்பும் இறுதிப்பகுதியில் ஒன்றே ஒன்றும் இருப்பின் சென்று தேய்ந்திறுதல். ஓரிடத்தில் வேலைவாய்ப்பு நிலையானது என்றும் பிறிதோரிடத்தில் நிலையற்றது என்றும் காரணங்காட்டாது குறிப்பின் மாறுகொளக் கூறல். சட்டகத்தில் இவற்றைக் களைய ஒரு வரியை அடித்தால் போதும். எழுதி முடித்த பின்னரோ பக்கம் முழுவதையும் மாற்ற நேரும். இப்பெயர்களைக் கற்ற மாணவர், ‘நன்றாக இல்லை’ என்னும் பொதுமதிப்பீட்டைக் கடந்து, குறை எவ்விடத்தது என்று சுட்ட வல்லவராவார்.

பயிற்றும் படிநிலைகள்

முதற்படியில், நன்கு அமைந்த பாடநூற் கட்டுரையொன்றைப் படித்து, பத்திக்கு ஒரு வரியாக அதன் சட்டகத்தை மாணவர் மீட்டெடுக்க வேண்டும். இரண்டாம் படியில், கலைத்துத் தரப்பட்ட குறிப்புகளை வரிசைப்படுத்திக் காரணம் கூற வேண்டும். மூன்றாம் படியில், ஆசிரியர் பாதிச் சட்டகம் தர, எஞ்சியதை அவர்களே அமைக்க வேண்டும். நான்காம் படியில் தலைப்பு மட்டுமே தரப்பட வேண்டும். ஊன்றுகோல் இவ்வாறு சிறிது சிறிதாக விலக்கப்படுகிறது. சட்டகத்திற்கெனத் தனி மதிப்பெண் வகுப்புத்தேர்வில் ஒதுக்கப்படின் மாணவர் அதனைப் பொருட்படுத்துவர்.

எனினும் சட்டகம் மாற்றவொண்ணாத கட்டளையாகிவிடலாகாது. எழுதும்போதே புதுக்கருத்துத் தோன்றுவது இயல்பு. அப்போது சட்டகத்திற்கு மீண்டு, அக்கருத்துக்குரிய ஓத்து எது என்று ஆராய்ந்து, தேவைப்படின் வரிசையை மாற்றப் பழக்குதலும் பயிற்சியின் பகுதியாகும்.

முடிவுரை

குறிப்புச்சட்டகத்தைத் தேர்வு உத்தியாக மட்டும் கருதாது, சிந்தனைப் பயிற்சியாகக் கொள்ளுதல் வேண்டும். அதற்குரிய கலைச்சொற்களும் அளவுகோல்களும் நன்னூலில் ஆயத்தமாக உள்ளன. அவற்றை மனப்பாடப் பகுதியிலிருந்து கட்டுரை வகுப்பிற்குக் கொணர்தலே ஆசிரியர் செய்யத்தக்கது. ஏரிநீர் குறித்தோ ஊதிய நிலுவை குறித்தோ மனு எழுத நேரும் நாளில், எதனை முதலில் சொல்வது, எதனைச் சான்றாக வைப்பது, எதனைக் கோரி முடிப்பது என்று தாமே துணியும் திறனை வாலாஜாபாத் மாணவர்க்கு இப்பயிற்சி அளிக்கும் எனலாம்.