சொல்லும் பொருளும்: புரோட்காஸ்ட்

மாணவர்களே, 'புரோட்காஸ்ட்' என்றதும் உங்களுக்கு வானொலிதான் நினைவுக்கு வரும். ஆனால் இச்சொல் வயலுக்குரியது. 'புரோட்' என்பது அகலமாக, 'காஸ்ட்' என்பது வீசப்பட்ட. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், விதையை வரிசையில் இடாது கையால் எங்கும் வீசி விதைப்பதை இது குறித்தது. விவசாயப் பாடத்தில் நீங்கள் படிக்கும் வீசி விதைத்தல் இதுவே. 1920களில் வானொலிக் குரலும் அவ்விதமே நாலாபக்கமும் பரவியதால் அதற்கும் இப்பெயர் வழங்கலாயிற்று. (கொழும்பில் வானொலிச் சேவை 1925இல் ஆரம்பமானது.) தமிழிலும் ஒலியைப் 'பரப்பு'கிறோம் அல்லவா?

பரீட்சையில் இறந்தகாலத்தைக் கவனியுங்கள். 'கட்', 'புட்' போல 'காஸ்ட்' மாறாது. எனவே இதுவும் மாறாது. 'புரோட்காஸ்டட்' என்பதைச் சில அகராதிகள் ஏற்றாலும் நீங்கள் எழுத வேண்டாம். 'ஷீ புரோட்காஸ்ட்ஸ் த நியூஸ்' நிகழ்காலம். ஈற்றில் 'ஸ்' இல்லாமல் 'ஷீ புரோட்காஸ்ட் த நியூஸ்' என வந்தால் இறந்தகாலம். அந்த ஓர் எழுத்தில்தான் விடை இருக்கிறது. செயப்பாட்டு வினையில் 'த நியூஸ் வாஸ் புரோட்காஸ்ட் அட் சிக்ஸ்' என்றே வரும்.

இரகசியத்தை ஊரெல்லாம் சொல்லித் திரிபவரிடம் 'டோன்ட் புரோட்காஸ்ட் இட்' என்பதும் உண்டு. பறைசாற்றாதே என்பது பொருள்.